மறு: செலக்ட், சூஸ், ஆப்ட் எல்லாவற்றுக்கும் ‘தேர்ந்தெடு’தானா?

கோபியிலிருந்து:
விவசாயிகள் சங்கத்துச் செயலியை வெள்ளிக்குள் தமிழாக்கித் தரணும். ஒரே திரையில் செலக்ட், சூஸ், ஆப்ட் அவுட் மூன்றும் வருகின்றன. செலக்ட் என்பது மஞ்சள் மூட்டைகளுக்கு நேரே டிக் போட்டு வைப்பது, அதோடு எதுவும் முடிவாகாது. சூஸ் அழுத்தினால் எந்த வியாபாரிக்கு என்பது முடிந்துபோகும். இரண்டுக்கும் தேர்ந்தெடு என்றே போட்டால் பார்க்கத்தான் தொட்டேன் என்கிறவர் சரக்கையே விற்றிருப்பார்.

ஈரோட்டிலிருந்து:
தேர் என்றாலே ஆராய்தல்தானுங்கண்ணா. ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறது குறள், தேர்ந்த பிறகுதான் நம்பிக்கை. ஆகவே சூஸுக்குத் தேர்ந்தெடு பொருத்தம். செலக்டும் எலக்டும் லத்தீனில் ஒரே வேர், சேர்த்தெடுப்பது, பொறுக்குவது. கடலைக்காட்டில் நாம் பொறுக்குகிறோமே, அதுவேதான். செலக்டுக்குப் ‘பொறுக்கு’ என்றே வைக்கலாமே?

பொள்ளாச்சியிலிருந்து:
வேண்டாமுங்க. பொறுக்கி வசவாகிப் பல காலமாச்சு, திரையில் பார்த்தால் சிரிப்பார்கள். தெரிவு இருக்கும்போது எதற்கு? ‘தெரிந்துவினையாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு, இலங்கையில் உறுப்பினரை நாடாளுமன்றத்துக்கே தெரிவு செய்கிறார்கள். இங்கே தேர்வு என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சைதான் ஞாபகம் வருகிறது.

ஈரோட்டிலிருந்து:
தெரிவு நல்ல சொல்தான், ஆனால் தெரி என்று திரையில் ஏவினால் கண்ணுக்குத் தெரிவதாகத்தான் நம்மூரில் படிப்பார்கள். ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள், 921-ஆம் ஆண்டினது. நிலம், வீடு, 35 முதல் 70 வரை வயது என்று தகுதி பார்த்துத்தான் பெயரே ஓலையில் ஏறும், அப்புறம் குடத்தில் இட்டுக் குலுக்கிச் சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முன்னது தேர்தல், பின்னது எடுத்தல், இரண்டும் கூடினால்தான் தேர்ந்தெடுத்தல். இதை எலக்ட் என்பதா பிக் என்பதா என்றால் ஆங்கிலம்தான் திணறும்.

கோபியிலிருந்து:
ஐயா, குடவோலையைப் பிறகு பேசுவோம். செலக்டுக்குக் குறியிடு, சூஸுக்குத் தேர்ந்தெடு, ஆப்ஷனுக்குத் தெரிவு. ஆப்ட் அவுட்டுக்கு விலகு போதும், அங்கே தேர்வே வேண்டியதில்லை, வேண்டாம் என்று சொல்வதுதான் காரியம். நான்கு பேர் சரி என்கிறார்கள், இதையே அனுப்புகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து:
அனுப்புங்க. ஆனால் மண்டியில் குறி என்றால் மூட்டைமேல் மையால் எழுதுவது. குறியிடு என்று பார்த்ததும் எழுதச் சொல்கிறது என்றே நினைப்பார்கள். செலக்டுக்கும் தெரிவுசெய்தான், நான் மாறவில்லை.