அத்தை பொடிக்கு லோகோ

குழு: அப்பத்தா வீடு

சனிக்கிழமை

தம்பி, இரவு 8.12
[படம்]
அத்தை, உங்கள் பொடிக்கு லோகோ தயார். ஏஐயிடம் சொல்லி வரைய வைத்தேன். எழுத்து முழுக்கத் தங்கத்தில் வார்த்தது போல இருக்கிறது, பாருங்கள். பின்னால் வாழை இலை, மேலே ஆவி.

அத்தை, 8.15
அடேயப்பா! பெரிய கடை போர்டில் பார்ப்பது போலவே இருக்கிறது. நல்லா இருடா சாமி.

சித்தி, 8.16
நகைக்கடை விளம்பரம் மாதிரி ஜொலிக்கிறது.

சித்தப்பா, 8.20
திங்கட்கிழமையே துணிப்பைக்குக் கொடுத்துவிடலாமா? ஸ்கிரீன் பிரிண்ட் போடுகிறவர் ஃபைல் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நான், 8.41
ஒரு நாள் பொறுங்கள் சித்தப்பா. தம்பி, நல்ல கற்பனை, படமும் அழகாக இருக்கிறது. ஆனால் 'பொடி'யைப் பெரிதாக்கிப் பார். ஒற்றைக் கொம்பு இருக்கிறது, 'ப' இருக்கிறது, அடுத்து வர வேண்டிய துணைக்கால் இல்லை. அது 'பெடி'.

தம்பி, 8.43
ஐயோ, கவனிக்கவே இல்லை அக்கா. நான் 'அப்பத்தா பொடி' என்று சரியாகத்தான் தட்டினேன்.

நான், 8.50
நீ தட்டியது சரிதான். அந்தக் கருவி எழுத்துக் கூட்டி எழுதுவதில்லை. எழுத்தின் உருவத்தையும் இலை, ஆவி மாதிரி ஒரு படமாகத்தான் வரைகிறது. அது பார்த்துப் பழகிய படங்களில் ஆங்கில எழுத்து ஏராளம், தமிழ் குறைவு. அதனால் ஆங்கிலம் இப்போது பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது. நம் 'பொ', 'கோ' மாதிரி முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி என்று நிற்கும் எழுத்தில் சறுக்கிவிடுகிறது. போன வருடம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை இப்படித்தான் வந்தது. 'சௌபாக்கியவதி'யின் முதல் எழுத்தில் கொம்பைக் காணோம். 400 அடித்து முடித்த பிறகு பெண்ணின் தாத்தா கண்டுபிடித்தார். அத்தனையையும் திரும்ப அடித்தோம்.

மதினி, 8.56
இன்னொன்றும் பாருங்கள். கீழே எஃப்எஸ்எஸ்ஏஐ என்று போட்டு ஓர் எண் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 13 இலக்கம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் நமக்குக் கிடைத்தது 14 இலக்கம். இது யாருடைய எண்?

தம்பி, 8.57
நான் எண்ணே கொடுக்கவில்லை மதினி. அதுவாகப் போட்டிருக்கிறது.

நான், 9.01
அதுவாகத்தான் போடும். கடைப் பாக்கெட் படங்களைப் பார்த்துப் பழகியதால், பாக்கெட் என்றாலே எண், பார்கோடு, பச்சைப் புள்ளி எல்லாம் இருக்கும் என்று அதற்குத் தெரியும். அந்தப் பார்கோடும் வெறும் கோடுகள்தான். பச்சைப் புள்ளியைச் சுற்றிச் சதுரத்தைக் காணோம். சைவக் குறி என்றால் பச்சைச் சதுரக் கோட்டுக்குள் பச்சை வட்டம். இதெல்லாம் லேபிளில் நாமே ஒவ்வொன்றாகப் பார்த்து வைக்க வேண்டியவை. ஏஐ படத்தோடு சேர்ந்து வரவே கூடாது.

மதினி, 9.04
ஆமாம். இவ்வளவு சுத்தமாகச் செய்கிற பொருளின் மேல் பொய் எண் போகக் கூடாது. லேபிள் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ கட்டாயம் வேண்டும், தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பகுதியை நான் தட்டித் தருகிறேன்.

சித்தப்பா, 9.06
சரி, எழுத்தை மட்டும் மாற்றினால் போதுமா பாப்பா? தங்கம் அப்படியே இருக்கட்டும்.

நான், 9.13
தங்கம் துணிப்பையில் ஏறாது சித்தப்பா. ஸ்கிரீன் பிரிண்டில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். இந்தத் தங்கத்தில் மஞ்சள், பழுப்பு, வெள்ளை மினுக்கு என்று எத்தனையோ சாயல். ஒற்றை நிறத்தில் அடித்தால் கரிக்கட்டி மாதிரி அப்பிவிடும்.
அப்புறம் அளவு. இந்தப் படம் 1024 பிக்சல். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். வகுத்துப் பாருங்கள், மூன்றரை அங்குலம்கூட வராது. பைக்கு 8 அங்குலமாக இழுத்தால் ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்.
ஒன்று செய்யுங்கள். படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள்.

சித்தப்பா, 9.19
பார்த்தேன். இலையும் தெரியவில்லை, எழுத்தும் தெரியவில்லை. ஒரே புகை.

அத்தை, 9.20
அப்படியானால் தம்பி செய்தது வீணா? பாவம், மத்தியானத்தில் இருந்து உட்கார்ந்திருக்கிறான்.

நான், 9.28
வீணே இல்லை அத்தை. அந்தத் தங்கமும் ஆவியும் பின்னால் வேண்டும். முதலில் அலங்காரம் இல்லாத வெறும் லோகோ வேண்டும், அவ்வளவுதான்.
தம்பி, எழுத்தே கேட்காதே, படம் மட்டும் கேள். சிவகாசித் தீப்பெட்டியை நினைத்துக்கொள். சேவலோ விளக்கோ மயிலோ, ஒரே ஒரு பொருள்தான் நடுவில் இருக்கும். தடித்த கோடு, இரண்டு மூன்று நிறம். அவ்வளவு சின்னப் பெட்டியில் இருந்தாலும் பெட்டிக்கடை வாசலில் நின்றே என்ன படம் என்று சொல்லிவிடலாம். நமக்கும் அதுதான் வேண்டும். இப்படிச் சொல்லிப் பார்:
'கல் உரலும் மர உலக்கையும். தட்டையான ஒரே நிறம், தடித்த கோடு. நிழல் வேண்டாம், பளபளப்பு வேண்டாம். வெள்ளைப் பின்னணி. எழுத்து எதுவும் வேண்டாம்.'

ஞாயிற்றுக்கிழமை

தம்பி, காலை 7.50
[4 படங்கள்]

அத்தை, 8.02
இது உரல் இல்லையே சாமி. மருந்துக்கடைப் படத்தில் இருக்கிற கிண்ணம் மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பதும் கையளவுக் குழவி. நம் உலக்கை ஆள் உயரம் அல்லவா?

தம்பி, 8.04
மூன்று தடவை மாற்றி மாற்றிச் சொன்னேன் அத்தை. ஒவ்வொரு தடவையும் கிண்ணம்தான் வருகிறது.

நான், 8.10
சொல்லிப் புரியாததைக் காட்டலாம். சித்தி, கொல்லையில் உரலைப் போட்டோ எடுத்து அனுப்புங்களேன். உட்கார்ந்து, உரலின் உயரத்துக்குப் போனைப் பிடித்துப் பக்கவாட்டில் எடுங்கள். இங்கே சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

சித்தி, 8.34
[டாக்குமெண்ட்]
துவைக்கிற கல்லை நகர்த்த முடியவில்லை. ஓரத்தில் கொஞ்சம் தெரியும்.

தம்பி, 9.05
[படம்]
அக்கா! போட்டோவைக் கொடுத்து அதே வார்த்தைகளைச் சொன்னேன், உரல் வந்துவிட்டது! பின்னணியே இல்லாமல் கேட்டேன். ஆனால் பின்னால் சாம்பல் நிறத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

நான், 9.08
அருமைடா. அந்தக் கட்டமும் அது வரைந்ததுதான், பின்னணி உண்மையில் போகவில்லை. வெள்ளையாகவே கேள், நான் நீக்கிக்கொள்கிறேன்.

அத்தை, 9.15
உரல் அச்சு அசல். ஆனால் மூளி எங்கே? வாயில் இடது பக்கம் ஒரு சில்லு பெயர்ந்திருக்குமே. அம்மா கையில் உலக்கை நழுவி, பூண் பட்டுத் தெறித்த இடம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. சத்தம் கேட்டுத் தெருவில் இருந்து ஓடி வந்தேன். படத்தில் வழித்துவிட்டது மாதிரி வட்டமாக இருக்கிறது.

நான், 9.22
போட்டோவில் மூளி தெளிவாக இருக்கிறது அத்தை. கருவிதான் நிரவிவிட்டது. அது பார்த்த உரல், கிண்ணம் எல்லாம் முழு வட்டம். நான் கையால் திருத்துகிறேன். இங்க்ஸ்கேப் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை அதில் கோடுகளாக மாற்றலாம். மாற்றிவிட்டால் நகம் அளவுக்குச் சுருக்கினாலும் கடை போர்டு அளவுக்கு விரித்தாலும் ஓரம் பிசிறாது. கோட்டில் மூன்று முனைகளை உள்ளே இழுத்தால் மூளி வந்துவிடும்.

அத்தை, 9.24
பெரிதாக வேண்டாம். விரல் நுனி பதிகிற அளவுதான்.

சித்தப்பா, 9.30
எழுத்துக்கு என்ன செய்யப் போகிறாய்?

நான், 9.33
கூகுளின் இலவச எழுத்துருக்களில் தமிழுக்கே நிறைய இருக்கின்றன. 'பாலூ தம்பி' உருண்டு திரண்டு இருக்கும், 'முக்தா மலர்' நேராகத் தெளிவாக இருக்கும். வியாபாரத்துக்கும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

அண்ணன், 9.47
[படம்]
போன பொங்கலுக்கு வந்தபோது அப்பத்தாவின் கணக்கு நோட்டை எடுத்து வந்தேன். இந்தப் பக்கத்தைப் பாருங்கள். 'கருவேப்பிலைப் பொடி' என்று தலைப்பு எழுதி, கீழே சாமான் கணக்கு.

அத்தை, 9.49
அம்மா எழுத்து.

சித்தி, 9.52
அந்த 'லை'யைப் பாருங்கள், யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுழித்து! என் பிள்ளைகளுக்கு இதைப் படிக்கவே தெரியாது.

நான், 10.01
1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகுதான் ணை, லை, ளை, னை எல்லாம் இப்போதைய வடிவத்துக்கு மாறின. அப்பத்தா படித்தது அதற்கு வெகு காலம் முன்பு. அண்ணே, அந்தப் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் இன்னொரு தடவை எடுத்து அனுப்புங்கள். நோட்டில் உள்ள தலைப்புகளை அப்படியே கோடுகளாக மாற்றுகிறேன். லேபிளில் அப்பத்தா கையெழுத்து பெரிதாக, கீழே அச்செழுத்தில் சின்னதாக. பிள்ளைகளும் படித்துக்கொள்வார்கள். இந்த எழுத்தை எந்த ஏஐயிடமும் கொடுக்கப் போவதில்லை. அது 'லை'யையும் நிரவிவிடும்.

சித்தப்பா, 10.06
யாராவது நம் லோகோவை எடுத்துப் போட்டுக்கொண்டால்?

நான், 10.12
டிரேட்மார்க் பதிவு செய்யலாம். பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், மசாலாப் பொடிக்கு 30ஆம் வகுப்பு. தனி ஆள் ஆன்லைனில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அதற்கு முன்பு டிரேட்மார்க் தளத்தில் இதே மாதிரி பெயரோ படமோ ஏற்கெனவே இருக்கிறதா என்று தேட வேண்டும். கருவி நமக்கு வரைந்தது இன்னொருவர் சின்னம் போலவே அமைந்துவிடவும் கூடும். இன்று சாயங்காலம் நானும் மதினியும் உட்கார்ந்து தேடுகிறோம்.

நான், மாலை 6.40
[டாக்குமெண்ட்]
ஒற்றை நிறம், அடர் சிவப்பு. உரல், உலக்கை, அப்பத்தா எழுத்தில் 'பொடி'. 'அப்பத்தா' என்ற சொல் மட்டும் முக்தா மலரில். சித்தப்பா, நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்துச் சொல்லுங்கள்.

சித்தப்பா, 6.44
உரல் என்று பளிச்சென்று தெரிகிறது.

தம்பி, 7.30
[படம்]
அக்கா, இந்த உரல் படத்தை மட்டும் கொடுத்து, பித்தளைத் தட்டில் பரப்பிய மிளகாய்ப் பொடியில் விரலால் கோலம் இழுத்தது மாதிரி கேட்டேன். எழுத்தை உங்கள் ஃபைலில் இருந்து எடுத்து நானே மேலே வைத்தேன்.

நான், 7.33
தம்பி, பிரமாதம்! பொடி ஒதுங்கின இடத்தில் பித்தளை மின்னுவதைப் பார்! இதை ஸ்டேட்டஸில் போடலாம். தீபாவளிக்கு உன் தங்கத்தையும் இதே மாதிரி செய்து கொடு.

அத்தை, 7.41
பெரிதாக்கிப் பார்த்தேன். மூளி இருக்கிறது.

சித்தப்பா, 7.45
நாளைக்குக் காலையில் ஃபைலைக் கொடுத்துவிடுகிறேன். முதல் தடவை 50 பை போதும்.

மதினி, 7.46
லேபிள் விவரம் தட்டிவிட்டேன். எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன், 14 இலக்கமும் சரி.