புதுப்பிப்பு: ஹமினா தரவு மையத்தின் வெப்பம் எங்கே போகிறது?

பின்லாந்தின் ஹமினாவில் ஒரு பழைய காகித ஆலையை 2009இல் கூகுள் வாங்கி, கடல்நீரால் குளிர்விக்கும் தரவு மையமாக (சர்வர் கணினிகள் இயங்கும் கூடமாக) மாற்றியதைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அதன் கீழே பலர் கேட்டவை இரண்டு கேள்விகள்: உப்புநீர் சர்வர்களைக் கெடுக்காதா? சூடான நீரைக் கடலில் விட்டால் மீன்கள் என்னாகும்?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கடல்நீர் சர்வர் பக்கமே போவதில்லை. ஆலைக்காகப் பாறையில் குடைந்த பழைய சுரங்கம் வழியாக வந்து, வெப்பப் பரிமாற்றியின் மெல்லிய தகடுகளுக்கு ஒரு புறம் ஓடுகிறது. மறுபுறம் மூடிய குழாய்ச் சுற்றில், சர்வர்களின் வெப்பத்தை ஏந்தி வரும் நன்னீர். தகடு வழியாக வெப்பம் மட்டுமே கடக்கும். இரண்டாவது கேள்விக்கு: திரும்பும் நீரில் புதுக் கடல்நீரைக் கலந்து, சூட்டைக் குறைத்த பிறகே பின்லாந்து வளைகுடாவில் விடுகிறார்கள்.

ஆனால் என்னைக் கவர்ந்தது 2024 மே மாத அறிவிப்புதான். அந்த வெப்பத்தை ஊரின் பொது வெப்ப விநியோகக் குழாய்களுக்கு (கட்டடங்களைச் சூடாக்கச் சுடுநீர் கொண்டுபோகும் குழாய்கள்) இலவசமாகத் தரப்போவதாகக் கூகுள் சொன்னது. அந்த வலையமைப்பின் ஆண்டுத் தேவையில் 80 சதவீதம் இதிலிருந்து கிடைக்கும் என்பது திட்டம். வீடுகளோடு பள்ளிகளும் அதில் அடக்கம். சர்வர்களிலிருந்து வரும் நீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வீட்டுச் சூடேற்றிக்கு அது போதாது. நடுவே, அந்த வெப்பத்தை எடுத்து இன்னும் உயர்ந்த சூட்டுக்கு ஏற்றும் மின்சார வெப்ப பம்புகள் வேண்டும். அவை தின்னும் மின்சாரத்தையும் கணக்கில் எடுத்தே இதை மதிப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் எரிபொருளைக் கொளுத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

கோடையில் ஊருக்கு வெப்பம் அதிகம் தேவைப்படாது. சர்வர்களோ எப்போதும்போல் சூடாகும். அப்போது பாரம் மறுபடியும் கடலின் மேல்தான்.