பொங்கல் விடுமுறைப் படம்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

தக்கலை மாமா: சுபின் மக்களே, பொங்கலுக்குக் குலசேகரம் வீட்டில் எல்லோரும் கூடும்போது பார்க்கலாம் என்று நீ குழுவில் போட்ட ‘ஜே அண்ட் சைலன்ட் பாப் ஸ்ட்ரைக் பேக்’ படத்தின் ஒரு காட்சியைப் பார்த்தேன். வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை வருகிறதே, இதை அம்மாச்சியின் முன்னால் எப்படிப் போடுவது?

சுபின்: அம்மாச்சி உறங்கிய பிறகு நானும் அஜினும் பார்ப்பதற்காகத்தான் அனுப்பினேன், மாமா.

அஜின்: அந்த இயக்குநர் கெவின் ஸ்மித்தின் ஒரு படத்தையும் நான் பார்த்ததில்லை, அண்ணா. எனக்குப் புரியுமா?

சுபின்: கதை புரியும், பாதிச் சிரிப்பு புரியாது. கெவின் ஸ்மித் தாம் வேலை பார்த்த நியூ ஜெர்சி கடையிலேயே, கடை மூடிய இரவுகளில், ஏறத்தாழ 27,000 டாலரில் ‘கிளர்க்ஸ்’ என்ற கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து 1994இல் வெளியிட்டார். அதில் கடை வாசலில் நின்று ஓயாமல் பேசும் ஜேயும், அவன் பக்கத்தில் பேசாமல் நிற்கும் பாபும் (ஸ்மித்தே நடித்த வேடம்) துணைப் பாத்திரங்கள்தாம். 2001இல் வந்த இந்த ஐந்தாவது படத்தில் அவர்களே நாயகர்கள். தங்களை வைத்து வரையப்பட்ட காமிக்ஸ் சினிமாவாகப் போகிறது என்றும், இணையத்தில் யார் யாரோ தங்களை ஏசுகிறார்கள் என்றும் அறிந்து, அதைத் தடுக்க ஹாலிவுட்டுக்குப் புறப்படுகிறார்கள். அந்தக் காமிக்ஸ் 1997இல் வந்த ‘சேஸிங் ஏமி’யிலேயே இருக்கிறது, அதை வரைந்தவராக நடித்த பென் அஃப்லெக் இங்கே அதே பாத்திரமாகவும், பென் அஃப்லெக்காகவும் வருகிறார். முந்தைய படத்தைப் பார்க்காதவருக்கு இது வெறும் ஒரு முகம்.

மார்த்தாண்டம் சித்தி: எனக்கு இங்கேதான் மனத்தாங்கல். கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்க வருகிறவர்களுக்குச் சாமியின் கதை மனப்பாடம். இருந்தாலும் அண்ணாவி பிறப்பிலிருந்து தொடங்கித்தான் பாடுவார், ஏனென்றால் முதன்முதலாகக் கேட்கும் பிள்ளையும் பந்தலில் உட்கார்ந்திருக்கும்.

சுபின்: ஏற்கிறேன், சித்தி. ஆனாலும் தம்மைத் தொடர்ந்து பார்த்து வந்தவர்களுக்காக ஒருவர் ஒரு படம் எடுப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். 2019இல் இதன் தொடர்ச்சியை அவரே ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டு, ரசிகர்களின் கேள்விகளுக்கு நேரில் பதில் சொன்னார். அந்த உறவை நான் மதிக்கிறேன்.

ஆஷா மைனி: உறவு இருக்கட்டும், தம்பி. ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவாகப் பேசும் வசனங்கள் படம் நெடுக இருக்கின்றன. படம் வந்தபோதே, அவர்களுக்காகக் குரல் கொடுக்கும் அமெரிக்காவின் ‘கிளாட்’ அமைப்பு கண்டித்தது. ஸ்மித், 1998இல் ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காகக் கொல்லப்பட்ட மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் பெயரிலுள்ள அறக்கட்டளைக்கு 10,000 டாலர் கொடுத்தார். கொடுத்தது நல்ல செயல்தான், ஆனால் அந்த வசனங்கள் படத்தில் அப்படியேதான் இருக்கின்றன.

தக்கலை மாமா: ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் ஓர் ஆபாசச் சொல் இல்லாமல் தமிழ்நாட்டையே சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

சுபின்: மறக்கவில்லை, மாமா. ஆனால் எல்லாக் கெட்ட வார்த்தையும் ஒன்றல்ல. ‘கிளர்க்ஸ்’ படத்துக்கு வசனத்துக்காக மட்டுமே அமெரிக்காவின் மிகக் கடுமையான சான்றிதழ் முதலில் கிடைத்து, மேல்முறையீட்டில்தான் அது, பெரியவர் துணையோடு சிறுவரும் பார்க்கக்கூடிய ‘ஆர்’ ஆனது. அவ்வளவு கொச்சையாகப் பேசினாலும், விடுப்பு நாளில் வேலைக்கு அழைக்கப்பட்ட ஓர் இளைஞனின் சலிப்பும் எரிச்சலும் அந்தப் பேச்சுக்குள் இருந்தன. 2001 படத்தில் அதே சொற்கள், ரசிகர்கள் கைதட்டுவார்கள் என்ற உறுதியில் மட்டுமே சொல்லப்படுகின்றன. அவருடைய எல்லாப் படங்களையும் விரும்பிப் பார்த்தவன் என்பதால்தான் இது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அஜின்: அப்படியானால் 1994 படத்திலிருந்தே தொடங்கலாம், அண்ணா.

ஆஷா மைனி: வீட்டிலுள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை விழித்திருக்கும்போது எதையும் போட வேண்டாம்.

சுபின்: சரி, மைனி. ‘கிளர்க்ஸ்’, ‘சேஸிங் ஏமி’ இரண்டின் டிவிடியையும் எடுத்து வருகிறேன். 2001 படத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்பதை அவற்றைப் பார்த்த பிறகு அஜினே சொல்லட்டும்.