பங்குனி ஆமை வரையும் சுவர் உப்புப் பூத்திருக்கிறது, வழி சொல்லுங்கள்

மும்பை மக்களே, வெர்சோவா பக்கம் 40 அடி நீளம், 8 அடி உயரச் சுவரில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) வரையப் போகிறோம். 2018இல் குஞ்சுகள் கடலுக்குப் போன கரை இது.

சிக்கல் சுவரில்தான். தரையிலிருந்து ஒன்றரை அடிவரை விரலால் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. ஓரடிச் சதுர பாலிதீனை நாலு பக்கமும் டேப் போட்டு 24 மணி நேரம் விட்டதில் உள்ளே முத்து முத்தாக நீர். இதன்மேல் பிரைமர் அடித்தால் அப்பளம் மாதிரி உப்பி வந்துவிடும். கழுவினாலும் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே இறங்கும்; காய்ந்த பிரஷ்தான் சரி. அந்தப் பட்டையைக் கொத்திவிட்டுச் சுண்ணாம்புக் கலவை பூசலாமா, இல்லை வெறுமனே விட்டு மேலிருந்து தொடங்கலாமா? நமக்கு இரண்டாவதுதான் தேவலை என்று படுகிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஜூன் மழைக்கு முன் முடிக்க வேண்டும்.

இன்னொன்று, ஓவியர் கொண்டுவந்த மாதிரிப் படம் பேராமை (பச்சைக் கடலாமை என்ற வேறு இனம்)! அதற்கு முதுகின் நடுவரிசைக்கு இருபுறமும் நாலு நாலு தகடு. பங்குனி ஆமைக்கு ஐந்து முதல் ஒன்பது, இருபக்கமும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டியதில்லை. கோட்டுப்படத்தை எண்ணிச் சரிபார்க்க விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆறடி ஏணி இரண்டு இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.