மறு: மிட்டனுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

மிட்டன் என்ற குளிர்காலக் கையுறைக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. டொராண்டோவில் எங்கள் மூத்தோர் குழுவில் ஊசி பிடிக்கிற அக்காமார் சிலருக்கு ஒரு பின்னல் குறிப்பைத் தமிழில் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஆகவே எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: ஐந்து ஊசியும் நாற்பது கண்ணியும் (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) கையில் இருக்கும்போது படித்தால் தடுக்காத சொல்லாக இருக்க வேண்டும். இதுவரை வந்த பரிந்துரைகளை அந்தக் கண்ணோடு பார்க்கிறேன்.

> விரலில்லாக் கையுறை என்றாலே போதுமே

போதாது. கடையில் அந்தப் பெயருக்குப் பொருந்துவது வேறு சாமான்: சைக்கிள் ஓட்டுபவர்கள் போடுகிற, விரல் பாதியில் நின்று நுனி வெளியே தெரிகிற உறை. மிட்டனில் நான்கு விரலும் உள்ளேதான் இருக்கின்றன, ஒரே அறையில். பெருவிரலுக்கு மட்டும் தனி அறை. அதன் சூட்டுக்குக் காரணமே அந்த ஒற்றை அறைதான். விரல்கள் ஒன்றையொன்று தொட்டபடி சூட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. குளிர்காற்று படுகிற பரப்பும் ஐந்துவிரல் கையுறையைவிடக் குறைவு. 'இல்லா' என்று தொடங்கும் பெயர் இதைத் தலைகீழாகச் சொல்கிறது. மைனஸ் இருபதில் அந்தப் பெயரை நம்பி எதையாவது மாட்டிக்கொண்டு போனால் விரல் மரத்துவிடும்.

> ஜெர்மன்காரர்கள் முட்டியை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள், நாமும் 'முட்டியுறை' எனலாம்

தகவல் சரி. அவர்களுடைய ஃபாய்ஸ்ட்லிங் மடக்கிய கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான். லாத்வியாவிலும் அப்படியே: தூரே என்றால் மடக்கிய கை, தூரைனி என்றால் மிட்டன். ஆனால் தமிழ்நாட்டில் முட்டி என்றதும் முழங்கால்தான் முதலில் வரும். முட்டியுறை கேட்டால் மருந்துக்கடைக்காரர் மூட்டுவலிப் பட்டையை எடுத்து நீட்டுவார். 'கைப்பை' என்று எழுதியவருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

> கையுறை என்பதே தவறு. சங்க இலக்கியத்தில் அதன் பொருள் அன்பளிப்பு

உண்மை. தலைவன் தழையும் பூவும் கொண்டுவந்து தோழியிடம் நீட்டுவது கையுறை. அதை அவள் மறுப்பது ஒரு துறை. ஆனால் இன்று அந்தச் சொல் உறைக்குத்தான் வழங்குகிறது, இனித் திருப்ப முடியாது. திருப்பவும் வேண்டாம். லாத்வியாவில் மணப்பெண் பெட்டி நிறைய மிட்டன் பின்னி வைத்து, கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2006இல் அந்நாட்டுத் தலைநகர் ரீகாவில் நேட்டோ உச்சிமாநாடு நடந்தபோது, வந்தவர்களுக்கு 4,500 ஜோடி கையால் பின்னிய மிட்டன்களைப் பரிசாகக் கொடுத்தார்கள். கையுறையின் இரண்டு பொருளும் அங்கே ஒரே பொருளில் சேர்ந்துவிட்டன, போங்கள்.

என் வாக்கு 'கூட்டுறை'க்கு. விரல்கள் கூட்டாக இருக்கும் உறை என்றும் கொள்ளலாம். கூடு, உறை இரண்டும் புணர்ந்தாலும் அதே வடிவம்தான் வரும். நியூஃபவுண்ட்லாந்தில் சுட்டுவிரலுக்கும் தனி அறை வைத்துப் பின்னுகிற ஒரு வகை உண்டு. அங்கே மூன்று விரல்தான் சேர்ந்திருக்கும், அப்போதும் இந்தப் பெயர் செல்லும். 'நால்விரலுறை' என்று வைத்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். கூட்டுறவு ரேஷன் கடை நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் சிரித்திருந்தார். நாலு தடவை எழுதினால் பழகிவிடும்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது, அதை யாரும் எழுப்பவில்லை. பின்னல் குறிப்பில் 'கண்ணி கூட்டு' என்பது ஓர் ஏவல். கூட்டுறையில் எங்கே கூட்டுவது என்று வாசிக்கிறவர் குழம்புவார். எனவே கண்ணியை அதிகமாக்குவதற்கு 'எழுப்பு' என்று வைத்திருக்கிறேன். இரண்டு கண்ணிக்கு நடுவே ஓடும் நூலை ஊசியால் தூக்கி, முறுக்கிப் பின்னினால் புதுக் கண்ணி பிறக்கிறது. கை செய்கிற வேலையும் எழுப்புவதுதான். எதிர்ச்சொல்லாகக் 'குறை' போதும்.

சொற்களை வைத்துக் குறிப்பை எழுதிப் பார்த்தேன். நடுத்தரப் பருமனுள்ள கம்பளி நூல், 4 மி.மீ. இரட்டைமுனை ஊசி ஐந்து, 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணி. நேர் என்பது knit, எதிர் என்பது purl, ரிப் என்பது இரண்டும் மாறிமாறி வரும் இழுபடும் பட்டை, விரிவு என்பது பெருவிரலுக்காக அகலும் பகுதி:

"40 கண்ணி ஏற்றி, நான்கு ஊசிகளில் பத்துப் பத்தாகப் பிரிக்கவும். முறுக்கு விழாமல் வட்டமாக இணைத்து, இரண்டு நேர், இரண்டு எதிர் என்று 7 செ.மீ. ரிப் போடவும். பிறகு எல்லாம் நேர். நான்கு வட்டம் ஆனதும் முதல் கண்ணியின் இருபுறமும் ஒன்று ஒன்று எழுப்பவும். மூன்று வட்டத்துக்கு ஒருமுறை இதையே விரிவின் இரு ஓரத்திலும் செய்துவந்தால் 3, 5, 7 என்று வளர்ந்து 13 ஆகும். அந்த 13ஐ உதிரி நூலில் கோத்து நிறுத்திவிட்டு, இடைவெளியில் ஒரு கண்ணி ஏற்றி, மீண்டும் 40இல் தொடரவும். சுண்டுவிரல் நுனி மறைந்ததும் ஒவ்வொரு ஊசியின் முடிவிலும் ஒரு கண்ணி குறைக்கவும். 24 ஆகும் வரை ஒரு வட்டம் விட்டு ஒரு வட்டம், அப்புறம் ஒவ்வொரு வட்டமும். 8 மிஞ்சும்போது நூலை வெட்டி, அவற்றின் வழியே கோத்து இறுக்கவும்."

பெருவிரலுக்கு அந்த 13உடன் இடைவெளியிலிருந்து மூன்று கண்ணி எடுத்தால் 16. மூலையில் ஓட்டை விழாமல் இருப்பது அந்த மூன்றால்தான். விரிவு பக்கவாட்டில் வருவதால் ஜோடியில் இடது வலது கிடையாது, இரண்டையும் ஒரே மாதிரி பின்னலாம்.

கண்ணிக்குத் 'தையல்' என்ற சொல் வேண்டாம், இங்கே எதையும் தைக்கவில்லை. வலைக்கும் சங்கிலிக்கும் சொல்கிற கண்ணியே சரி. ரிப்புக்கு விலா எலும்பு வரை போய்த் தேட வேண்டாம். பின்னலாடை என்ற சொல்லை ஊரறியச் செய்த திருப்பூரிலேயே ரிப் ரிப்தான்.

இனி அந்த 'விரிவு'. மணிக்கட்டிலிருந்து பெருவிரல் அடி வரை கை அகன்றுகொண்டே போகிறது. அதற்கு இடம்கொடுக்க முக்கோணமாக வளரும் பகுதி அது. 'பெருவிரல் ஆப்பு' என்று வந்த பரிந்துரை வடிவத்துக்கு மிகப் பொருத்தம். ஆனால் "மூன்று வட்டத்துக்கு ஒருமுறை ஆப்பு வைக்கவும்" என்று அக்காமாருக்கு நான் எழுத முடியாது. 'முக்கோணத் துண்டு' தையல்காரருக்குச் சரி, அவர் தனித் துணி வெட்டி ஒட்டுகிறார். பின்னலில் துண்டு என்று எதுவும் இல்லை, அதே நூல் அதே வட்டத்தில் அகலமாகிறது. ஆகவே 'பெருவிரல் விரிவு'. லாத்விய மிட்டன்களில் பெரும்பாலும் இது இருக்காது. பெருவிரல் உள்ளங்கைப் பக்கமாக நேரடியாக முளைக்கும். அவற்றை 'விரிவில்லாக் கூட்டுறை' என்று பிரித்துச் சொல்லவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்கள் கட்டைவிரல் என்று போட்டுக்கொள்ளட்டும், அதற்காக இன்னோர் இழை தொடங்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கைக்கு அகப்படவில்லை. குறைக்கும்போது கண்ணி சில முறைகளில் வலப்பக்கம் சாயும், சிலவற்றில் இடப்பக்கம். 'வலம்சாய் குறை, இடம்சாய் குறை' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் நாக்கு இடறுகிறது. குறிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, அதற்குள் சின்னதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.