நிறைவு விழாவில் அத்தனை நட்சத்திரங்கள், ஆனால் காதில் நிற்பது தொடக்க விழாதான். ஏன்?

மதுரைக் கதிர்:

லண்டன் 2012 ஒலிம்பிக்கின் இரண்டு விழாக்களையும் போன வாரம் மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். ஜூலை 27 தொடக்கம், ஆகஸ்ட் 12 நிறைவு. நிறைவு விழாவுக்குப் பெயரே ‘பிரிட்டிஷ் இசையின் சிம்பொனி’. ஜார்ஜ் மைக்கேல், பெட் ஷாப் பாய்ஸ், ஆனி லெனாக்ஸ், டாக்ஸிகளின் கூரைமேல் ஸ்பைஸ் கேர்ள்ஸ், மியூஸ், டேக் தட், கடைசியில் தி ஹூ என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தொடக்க விழாவில் நேரடியாகப் பாடியவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஆனால் மறுநாள் பேருந்தில் போகும்போது என் காதில் ஓடியது தொடக்க விழாவின் மேளச் சத்தமும் பால் மெக்கார்ட்னியும்தான்.

இப்படிப்பட்ட விழாவுக்குப் பாடகர்களை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? புகழா, விற்பனையா, ஊர்ப் பாசமா? அப்புறம், பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் பௌவி ஏன் வரவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இல்ஃபோர்ட் வதனி:

தம்பி கதிர், அந்த மேளச் சத்தத்தில் என்னுடையதும் இருக்கிறது. ஏறக்குறைய ஆயிரம் பேர் அடித்தோம், எல்லோரும் தொண்டர்கள். அதனால் மைதானத்துக்குள் நின்றவள் கண்ணால் சொல்கிறேன்.

டாகன்ஹாமில் ஃபோர்ட் தொழிற்சாலை இருந்த வெட்டவெளியில்தான் ஒத்திகை. அந்த வருடம் மழை விடவே இல்லை. நனைந்த சப்பாத்தோடு பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். எங்கள் கையில் இருந்தது மேளமே அல்ல, கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளி. காதில் ஒரு இயர்போன், அதில் தாளம் டக் டக்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். அது இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகும். மைதானத்தின் அந்தக் கரையில் விழுகிற அடியைக் கேட்டு இந்தக் கரையில் அடித்தால் தாளம் குலைந்துவிடும்.

எங்களுக்கு முன்னால் நின்று அடித்தவர் எவலின் க்ளென்னி. சிறு வயதிலேயே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர், அதிர்வைக் காலாலும் உடம்பாலும் வாங்கி அடிப்பவர். புகழ்தான் அளவுகோல் என்றால் பெயர்போன ராக் மேளக்காரர் ஒருவரை அங்கே நிறுத்தியிருக்கலாம். தொழிற்புரட்சியின் இரைச்சலைக் காட்டுகிற காட்சி அது. அதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை.

இயக்குநர் டேனி பாயிலும் இசைப் பொறுப்பில் இருந்த ரிக் ஸ்மித்தும் முதலில் கதையைப் பிடித்தார்கள், பிறகு அதற்கான குரலைத் தேடினார்கள் என்பதுதான் என் கருத்து. ராப் பாடகர் டிஸ்ஸி ராஸ்கலைப் பாருங்கள். கிழக்கு லண்டனின் போ பகுதியில் வளர்ந்தவர். லீ ஆற்றைக் கடந்தால் ஒலிம்பிக் பூங்கா. மைதானம் இருப்பது நியூஹாமில், நான் அப்போது இருந்த ஈஸ்ட் ஹாமும் அதே நியூஹாம்தான். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அவர் நட்சத்திரம் மட்டுமல்ல, பக்கத்துப் பகுதி அண்ணன். கிழக்கு லண்டனில் விழா நடத்திவிட்டு அவரை விட்டிருந்தால் எங்களுக்கு மனது வலித்திருக்கும்.

எமிலி சாண்டே பாடிய ‘அபைட் வித் மீ’ 19ஆம் நூற்றாண்டுத் துதிப்பாட்டு. 1927 முதல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கால்பந்துக் கோப்பை இறுதிப் போட்டியில் பாடப்படுவது, அதனால் கோவிலுக்கே போகாத பந்து ரசிகனுக்கும் தெரியும். பக்கவாத்தியம் ஒன்றும் இல்லை, நடனக் கலைஞர் அக்ரம் கானின் ஆட்டம் மட்டும். அப்படியொரு அமைதியை அவ்வளவு பெரிய கூட்டத்தில் அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மெக்கார்ட்னி தொடங்கும்போது பதிவுக் குரலும் நேரடிக் குரலும் சில நொடி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அதை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ‘ஹே ஜூட்’ கடைசியில் வருவது வெறும் ‘நா நா நா’. ஆங்கிலமே தெரியாத வீரரும் பாடலாம், பாடினார்கள். இத்தனைக்கும் அவருக்குக் கிடைத்த சம்பளம் ஒரு பவுண்டு, ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டும் என்பதற்காக.

நிறைவு விழாவில் இதுதான் தவறியது. ஜார்ஜ் மைக்கேல் தன் பழைய பாட்டோடு ஒரு புதுப் பாட்டையும் பாடினார். நிமோனியாவில் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டதைப் பற்றிய பாட்டு, அவருக்கு அது எவ்வளவு பெரியது என்று புரிகிறது. ஆனால் அரங்கத்தில் யாருக்கும் அது தெரியாது, சேர்ந்து பாட முடியவில்லை. அதே இரவில் ரே டேவிஸ் ‘வாட்டர்லூ சன்செட்’ பாடினார். தேம்ஸ் கரையின் பாட்டு, அந்த ஊரின் பாட்டு. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பௌவியைக் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார் என்று அப்போதே செய்தி வந்தது. இன்னொன்றும் வந்தது: தி ஹூவின் மேளக்காரர் கீத் மூன் வருவாரா என்று அமைப்பாளர்கள் கேட்டார்களாம். அவர் 1978இலேயே இறந்துவிட்டார். பெயர்களை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் இப்படித்தான் ஆகும்.

பர்மிங்ஹாம் சேகர்:

வதனி அக்கா சொல்வதற்கு எங்கள் ஊரே சாட்சி. 2022 காமன்வெல்த் போட்டியின் தொடக்கத்தில் பிளாக் சபாத் ராக் குழுவின் டோனி அயோமி கிதார் வாசித்தார், டுரான் டுரான் குழு பாடி முடித்தார்கள். நிறைவில் யூபி40, டெக்சிஸ், பஞ்சாபி எம்சி, அப்பாச்சி இந்தியன். எல்லாம் எங்கள் வட்டாரத்து ஆட்கள். பிரபுதேவாவின் ‘லவ் பேர்ட்ஸ்’ படத்தில் ரஹ்மான் இசையில் ‘நோ ப்ராப்ளம்’ பாடினாரே, அதே அப்பாச்சி இந்தியன்தான். அவருடைய ஹேண்ட்ஸ்வொர்த், மைதானம் இருக்கும் பெரி பாருக்குப் பக்கம்.

கடைசியில் யாரும் எதிர்பார்க்காமல் பிளாக் சபாத் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் மேடைக்கு வந்தார். பக்கத்தில் அயோமி. ஓஸி பக்கத்து ஆஸ்டனில் வளர்ந்தவர், அந்த ஜூனில்தான் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. நிற்கவே சிரமப்பட்டார். பஸ் பிடித்தால் சில நிமிடங்களில் அவர் வளர்ந்த தெருவுக்குப் போய்விடலாம். என் பக்கத்து இருக்கைப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார். லண்டனிலிருந்து இன்னும் பெரிய ஆளைக் கூட்டி வந்திருந்தாலும் அவர் அழுதிருக்க மாட்டார்.

மதுரைக் கதிர்:

இரண்டு பேருக்கும் நன்றி. அக்கா, ஒரு சந்தேகம். நான் பார்த்த பதிவில் எமிலி சாண்டே பாடிய இடமே இல்லையே? நிறைவு விழாவில்தான் அவரைப் பார்த்தேன்.

இல்ஃபோர்ட் வதனி:

அப்படியென்றால் நீங்கள் பார்த்தது அமெரிக்க ஒளிபரப்பு. என்பிசி அந்தப் பகுதியை வெட்டிவிட்டு நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் பேட்டியைப் போட்டது. பிபிசி பதிவைத் தேடிப் பாருங்கள். அவர் பாடுவதற்கு முன் திரையில் வரிசையாக முகங்கள் வரும். பார்க்க வந்தவர்கள் அனுப்பிய, காலமான உறவினர்களின் படங்கள். என் அக்கா டிக்கெட் வாங்கியிருந்தாள். அப்பாவின் படத்தை அவள் அனுப்பியிருந்தாள்.