முதல் புத்தகம் வந்துவிட்டது, மைக்கைப் பார்த்தால்தான் பயம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். என் முதல் சிறுகதைத் தொகுப்பு இந்த வருடம் வெளிவந்தது. வெளியீட்டு விழா என்று எதுவும் வைக்கவில்லை, பதிப்பகத்திலிருந்து பார்சல் வந்தது, தெரிந்தவர்களுக்குக் கொடுத்தேன், அதோடு சரி. இப்போது இங்கே பாலக்காட்டு எல்லையில், பக்கத்து ஊர் வாயனசாலையில் (நூலகத்தில்) ஜூன் 19 வாசிப்பு தினத்துக்கு வந்து இருபது நிமிடம் பேசுங்கள் என்கிறார்கள். மறுக்கவும் மனமில்லை, அங்கே எடுத்துப் படித்த புத்தகங்களால்தான் நான் எழுதவே ஆரம்பித்தேன்.

உரக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. யூரியா ஏன் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவரிடம்கூடத் தமிழிலும் மலையாளத்திலும் வாய் ஓயாமல் பேசுவேன். ஆனால் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கையிலிருக்கிற தாள் படபடவென்று ஆடுகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் மலையாளிகள், தமிழில் பேசுவதா, எனக்குத் தெரிந்த கடைத்தெரு மலையாளத்தில் பேசுவதா? இன்னொன்று, கதைகள் எல்லாம் கால்வாய்க் கடைமடை வீடுகளைப் பற்றியவை. யாராவது எழுந்து, தமிழ்நாடு நமக்கு விட வேண்டிய ஆழியாறு தண்ணீர்க் கணக்கு கேட்டால் என்ன சொல்வது? மேடையேறிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கோவிந்தாபுரம் மைக்செட்

அம்மணி, நான் பேசுகிறவன் இல்லை, பேசுகிறவர்களுக்கு மைக் வைக்கிறவன். கல்யாணம், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தாயிற்று. முதல்முறை பேசுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கூட்டத்தைப் பார்த்துப் பயம் வருவதில்லை, ஸ்பீக்கர் பெட்டியில் தன் குரலே பெரிதாகக் கேட்டதும்தான் வருகிறது. அதனால் அரைமணி நேரம் முன்னாடியே போய்விடுங்கள். ஆள் சேருவதற்குள் மைக்கில் உங்கள் கதையிலிருந்து ஒரு பத்தியை முழுசாகப் படியுங்கள். ‘ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்பது எனக்குப் போதும், உங்களுக்குப் போதாது.

ஸ்டாண்டு மைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு கையும் சும்மா இருக்கும். வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடம் விட்டு, நேர் எதிரே வைக்காமல் தாடைப் பக்கம் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நேரே வைத்தால் ‘ப’ வருகிற இடமெல்லாம் டப் டப் என்று அடிக்கும். கை மைக்தான் கிடைத்தது என்றால் அதன் தலையைப் பொத்திப் பிடிக்காதீர்கள், டிவியில் பாடுகிறவர்களைப் பார்த்து நிறையப் பேர் அப்படிப் பிடிக்கிறார்கள், உடனே ஊளையிடும், ஊளையிட்டதும் பேசுகிறவர் முகம் செத்துவிடும், நான் ஓடி வருவதற்குள் அவர் பேச வந்ததை மறந்திருப்பார். பெட்டிக்கு முன்னால் போய் நின்றாலும் அதே கதைதான். அப்புறம் அந்தத் தாள். ஒற்றைத் தாள் ஆடினால் மைக்கில் சலசலவென்று விழும். புத்தகத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், கை நடுங்கினாலும் வெளியே தெரியாது.

பதில்: வேலந்தாவளம் வாத்தியார் (ஓய்வு)

இருபது நிமிடத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் அம்மா. நம் பக்கத்துக் கூட்டம் எப்படி நடக்கும் என்று தெரியாதா? ஸ்வாகதம் (வரவேற்பு), அத்யட்சன் (தலைவர்), உத்காடனம் (தொடக்கவுரை), அப்புறம் வரிசையாக ஆசம்சை (வாழ்த்துரை). ஒவ்வொருவரும் ரெண்டே வார்த்தை என்று ஆரம்பித்து, 1945-ல் பி. என். பணிக்கர் நூலக சங்கம் தொடங்கியதில் கிளம்பி, ஜூன் 19 அவர் மறைந்த நாள் என்பதில் வந்து நிற்பார்கள். உங்கள் முறை வரும்போது பின்வரிசை கடைசி பஸ்ஸைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். எனவே பணிக்கரை அவர்களிடமே விட்டுவிடுங்கள், வாசிப்பின் பெருமையையும் விட்டுவிடுங்கள். மேடையிலிருக்கும் எல்லார் பெயரையும் விளித்து வணக்கம் சொல்கிற வேலையும் வேண்டாம், ஒருவர் பெயர் விட்டுப்போனால் அதுவே பேச்சாகிவிடும். ‘அவையோர்க்கு வணக்கம்’ போதும்.

பத்து நிமிடம் கேளுங்கள். அதில் பாதி உங்கள் கதையிலிருந்து வாசிப்பு. நீங்கள் எழுதிய வரிதானே, அதில் தடுமாற என்ன இருக்கிறது? முழுக் கதையும் வேண்டாம், இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடமாக இரண்டு பக்கம் எடுத்து, வீட்டில் சத்தமாகப் படித்து போனில் நேரம் பாருங்கள். மூச்சு வாங்குகிற வாக்கியங்களைப் பென்சிலால் உடைத்துக்கொள்ளுங்கள், அச்சான புத்தகமாச்சே என்று பார்க்க வேண்டாம். மீதி ஐந்து நிமிடத்துக்கு அந்தக் கதை எங்கே பிறந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

மொழி விஷயத்தில் குழப்பமே வேண்டாம், தமிழ்தான். சித்தூர் தாலுகா மலையாளிக்கு நம் தமிழ் புரியாமல் போகாது, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் சரி. வணக்கத்தையும் நன்றியையும் மட்டும் மலையாளத்தில் சொல்லுங்கள். பயத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் நிறைய உண்டு, அவையில் அஞ்சாதவர்கள்தான் அரிது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார்.

பதில்: உக்கடம் பஸ் பயணி

அக்கா, வாத்தியார் சொன்னதோடு இன்னொன்று. மனப்பாடம் செய்யாதே என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும். ஆரம்பம்தான் ஆளைக் கவிழ்க்கும். கடைசி வரி தெரியாதவர்தான் ‘இன்னும் ஒன்றே ஒன்று’ என்று இழுத்துக்கொண்டே போவார்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற இடத்தில் டோஸ்ட்மாஸ்டர்ஸ் போகிறேன். 1924-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அமைப்பு, பேச்சுப் பழகுவதற்கென்றே கூடுவார்கள். ஒரு பேச்சு ஐந்திலிருந்து ஏழு நிமிடம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள், எத்தனை முறை ‘ஆ’, ‘வந்து’ சொன்னோம் என்று எண்ணவும் ஒரு ஆள் உண்டு. முதலில் எரிச்சலாக இருக்கும். அங்கே போக வசதியில்லை என்றால் கடையில் கூட வேலை செய்கிற இரண்டு பேரை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள், கண்ணாடி முன்னால் பேசுவதெல்லாம் உதவாது, கண்ணாடி கொட்டாவி விடாது.

நெஞ்சு படபடப்பது அட்ரினலின் வேலை, அமைதியாகு என்று அதட்டினால் அடங்காது. ஹார்வர்டில் ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘எனக்கு உற்சாகமாக இருக்கிறது’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். 2003-ல் சாவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் செய்த ஆய்வு இன்னும் பிடிக்கும்: நம் பதற்றம் நமக்குத் தெரிகிற அளவுக்குக் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை, இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பினால் பேச்சும் மேம்படுகிறது. நாற்காலியில் காத்திருக்கும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக வைத்துக்கொள்ளுங்கள், இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும்.

பதில்: பின்வரிசை வாசகன்

எழுதத் தெரிந்தவர் பேசவும் வேண்டும் என்று யார் சொன்னது? பிடிக்கவில்லை என்றால் கதையை மட்டும் வாசித்துவிட்டு இறங்குங்கள். என்னைப் போன்றவர்கள் அதற்குத்தான் வருகிறோம்.

பதில்: சித்தூர்ப்புழை

தண்ணீர்க் கேள்வி கட்டாயம் வரும், அதுவும் கேள்வியாக வராது. ஒரு பெரியவர் எழுந்து 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம், எல்லையிலுள்ள மணக்கடவில் நமக்கு வர வேண்டிய 7.25 டிஎம்சி, மூலத்தறை மதகில் எப்போது திறந்தார்கள் என்று ஐந்து நிமிடம் பேசுவார். கோபமும் நியாயமானதுதான். நடுவில் வெட்டாதீர்கள், முடிக்கட்டும். புள்ளிவிவரம் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் அந்தச் சண்டைக்குள் இறங்க வேண்டாம், இறங்கினால் பேச்சு தமிழ்நாடா கேரளமா என்று போய்விடும், புத்தகத்தை யாரும் கேட்க மாட்டார்கள். ‘கணக்கு உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும், தண்ணீர் வராத வருடம் கடைமடை வீட்டில் குடத்தை யார் தூக்கினார்கள் என்று நான் எழுதியிருக்கிறேன்’ என்று சொல்லி அந்தப் பக்கத்தைத் திறந்து நாலு வரி படியுங்கள். பக்க எண்ணை முன்பே குறித்து வைத்துக்கொண்டு போங்கள்.

பதில்: கொழிஞ்சாம்பாறைக்காரி

எல்லாருக்கும் நன்றி. செயலாளருக்குப் போன் போட்டுப் பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டேன், அவருக்கே நிம்மதி போலிருக்கிறது. குடம் வருகிற பக்கத்தையும் மடக்கி வைத்தாயிற்று. மைக்செட் அண்ணா, அங்கே ஸ்டாண்டு இல்லையாம், ஒரே ஒரு கை மைக்தானாம். ஒரு கையில் அது, மறு கையில் புத்தகம், பக்கத்தை எப்படிப் புரட்டுவது?

பதில்: கோவிந்தாபுரம் மைக்செட்

பக்கம் புரட்டுகிற மாதிரி பகுதியே எடுக்காதீர்கள் அம்மணி, திறந்து வைத்தால் இடமும் வலமும் தெரிகிற இரண்டு பக்கம் போதும். மேஜை மேல் விரித்து மேலே ரப்பர் பேண்ட் போட்டுவிடுங்கள், ஃபேன் காற்றில் பறக்காது. மேஜை உயரம் பத்தாது என்றால் அடியில் அங்கேயே நாலு தடிப் புத்தகம் அடுக்கிக்கொள்ளுங்கள், வாயனசாலைதானே.